ஒன்பது செகண்ட் ஸ்பிட்ஃபயர்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஆற்காடு டெல்லி கேட் பக்கம் பாலாறு. ஆறுன்னு பேருதான்... கண்ணுக்கு எட்டின தூரம் வரை மணல், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். 1751-ல ராபர்ட் கிளைவ் இங்கே இருந்த கோட்டைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு 50 நாள் முற்றுகையைத் தாக்குப் பிடிச்சாராம். அதே இடத்துல என் ரூம்மேட்டோட விமானப்படை தாக்குப் பிடிச்சது மொத்தம் ஒன்பது செகண்ட்!

வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தவன் நான்தான். அதனால செகண்ட் கணக்கு கரெக்ட். அழகான ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போர்ல பறந்த பிரிட்டிஷ் ஃபைட்டரோட குட்டி மாடல். பச்சையும் பழுப்பும் கலந்த பெயின்ட், இறக்கையில வட்டச் சின்னம்னு பார்க்க அவ்வளவு கெத்து. கையை விட்டதும் ஜிவ்வுன்னு கிளம்புச்சு, இடது பக்கம் சாய்ஞ்சுச்சு. இவன் பதறிப்போய் ஸ்டிக்கைப் பின்னால இழுத்தான். இன்னும் சாய்ஞ்சுச்சு. இன்னும் இழுத்தான். தலைகீழா மணல்ல செருகிக்கிட்டு நின்னுச்சு.

விலை 14 ஆயிரம் ரூபாய். ஆம்பூர்ல ஷூ கம்பெனி ஒண்ணுல வேலை பார்க்குற அவன் அக்கா, தீபாவளி போனஸ்ல வாங்கிக் கொடுத்தது. அன்னைக்கு சாயந்திரமே போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்.

"பிளேனு நல்லா பறந்துச்சாடா தம்பி?"

"பறந்துச்சுக்கா..."

அதுக்கு மேல அவனால பேச முடியலை. அந்த ராத்திரி ஹாஸ்டல்ல சாப்பிடவும் வரலை.

இந்தக் கட்டுரை அந்த ஒன்பது செகண்டைப் பத்தினதுதான். பாஸ், நீங்களும் ரிமோட் பிளேன் வாங்கலாம்னு காசு சேர்த்துக்கிட்டு இருந்தீங்கன்னா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. ஏன்னா தப்பு அவன் கையில இல்லை. அவன் வாங்கின பிளேன்ல இருந்துச்சு.

எல்லாருக்கும் அஜித் ஆசை!

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இந்த ஆசையைக் கிளப்பி விட்டதுல பெரிய பங்கு அஜித்குமாருக்கு. ('தல'ன்னு கூப்பிட வேண்டாம்னு 2021-ல அவரே சொல்லிட்டார், அதனால முழுப் பேர்!) ரிமோட் விமானம் அவரோட பல வருஷ ஹாபி. 2018-ல குரோம்பேட்டை எம்.ஐ.டி-யோட 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகரா ஆனார். அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில அந்த டீம் ரெண்டாவது இடம். அப்துல் கலாம் படிச்ச காலேஜாச்சே, சும்மாவா! நம்ம வேலூர் வி.ஐ.டி-யில இருந்தும் எஸ்.ஏ.இ ஏரோ டிசைன் போட்டிக்கு டீம்கள் கிளம்பிப் போறாங்க.

இதையெல்லாம் பார்த்துட்டு நேரா போய் ஒரு ஃபைட்டர் ஜெட்டையோ ஸ்பிட்ஃபயரையோ வாங்குறதுதான் எல்லாரும் செய்யுற தப்பு. போட்டோவுல எது அழகோ, அதுதான் பறக்க விடக் கஷ்டமானது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

சைக்கிளா... ஸ்கூட்டரா?

பிளேனோட எடையை இறக்கைப் பரப்பால வகுத்தா கிடைக்குறது விங் லோடிங். ஒரு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் இறக்கை இருக்குற ஒரு டிரெய்னர் பிளேனை எடுத்துக்கோங்க. எடை 500 கிராம். அது விழாம பறக்கத் தேவையான குறைஞ்சபட்ச வேகம் மணிக்கு சுமார் 23 கிலோமீட்டர். நல்லா மிதிச்சா சைக்கிள் போற வேகம்! அதே 500 கிராமை அதுல பாதிப் பரப்பு உள்ள இறக்கையில ஏத்துங்க. குறைஞ்சபட்ச வேகமே 32 கிலோமீட்டரைத் தாண்டிடும். அதாவது எடை-பரப்பு விகிதம் ரெண்டு மடங்கானா, வேகம் 1.4 மடங்கு. செகண்ட் இயர் படிச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் தடவையா உபயோகமானது இங்கேதான்!

ஒன்பது மீட்டரை ஒரு செகண்ட்ல கடந்து போற பொருளை, தப்பு பண்ணி, அதைப் புரிஞ்சு, திருத்துறதுக்கு புதுசா கத்துக்குறவனுக்கு நேரமே கிடையாது. வேகம் குறைஞ்சா ஸ்டால். ஸ்பிட்ஃபயர்ல ரூம்மேட் மாட்டினது அப்படித்தான். பிளேன் சாய்ஞ்சு திரும்பும்போது ஸ்டிக்கை இழுத்தா மேல போகாது. வட்டம்தான் இறுகும், வேகம் சாகும், ஒரு இறக்கை முதல்ல தூக்கத்தை விடும். அப்புறம் சுழல்.

அப்போ முதல் பிளேன் எப்படி இருக்கணும்? இறக்கை உடம்புக்கு மேல உட்கார்ந்திருக்கணும். முன்னால இருந்து பார்த்தா அந்த இறக்கை லேசா 'வி' மாதிரி மேல வளைஞ்சிருக்கணும். இதுக்கு டைஹெட்ரல்னு பேரு. இது இருந்தா பிளேன் சாய்ஞ்சாலும், நீங்க ஸ்டிக்கை விட்டுட்டா தானா நிமிரப் பார்க்கும். இப்படிப்பட்ட பிளேனுக்கு த்ராட்டில், எலிவேட்டர், ரட்டர்னு மூணு சேனல் போதும். இறக்கையில அசையுற ஏலிரான் அடுத்த பிளேனுக்கு. மோட்டார் மூக்குல இல்லாம இறக்கைக்குப் பின்னால இருக்குற மாடல் கிடைச்சா இன்னும் விசேஷம். மூக்கு மணல்ல குத்தினாலும் புரொப்பெல்லர் தப்பிக்கும். பார்க்க வாத்து மாதிரி இருக்கும்தான். பரவாயில்லை, வாத்து பறக்கும்!

சொல்யூஷன் போட்ட சோகம்

ஸ்பிட்ஃபயர் செத்த ரெண்டாவது வாரம் நாலு பேரா சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ரெடிமேட் வேண்டாம், உடம்பை நாமே செய்வோம். யோசிச்சுப் பாருங்க, விழுந்தா உடையுறது எது? உடம்பு. தப்பிக்கிறது எது? பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ். நாங்க செலவு பண்ணினதும் அந்தக் கணக்குலதான். ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், ரிசீவரோட சேர்த்து சுமார் 4,500 ரூபாய். மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், ரெண்டு சர்வோ, புரொப்பெல்லர்கள் எல்லாம் சேர்த்து 1,700. பேட்டரியும் சார்ஜரும் 2,000. உடம்புக்கு? வெறும் 400! ஆக மொத்தம் 8,600. தலைக்கு 2,150. ஸ்பிட்ஃபயர்ல உயிரோட தப்பிச்ச சர்வோ ரெண்டையும் ஸ்பேருக்கு எடுத்து வெச்சுக்கிட்டோம்.

அந்த 400 ரூபாய் உடம்பை மூணு தடவை செஞ்சோம்ங்கிறது தனிக்கதை. முதல் தடவை போர்டு எழுதுற கடையில சன்போர்டு வாங்கினோம். வழவழன்னு சூப்பரா இருந்துச்சு. தூக்கிப் பார்த்தாதான் தெரிஞ்சுது, அது பி.வி.சி. டெப்ரான் மாதிரி ஃபோம் ஷீட்டை விட அதே கனத்துக்குப் பத்து மடங்குக்கு மேல எடை. அது பறக்காது, கதவுக்குப் போடலாம்.

ரெண்டாவது தடவை ஃபோம் ஷீட்டே கிடைச்சுது. ஒட்டுறதுக்கு? தோல் பெல்ட்ல இருந்துக்கிட்டு பசைக்கு என்ன பஞ்சம்! ஷூவுக்கு சோல் ஒட்டுற சொல்யூஷனை ஒரு டப்பாவுல வாங்கிட்டு வந்தான் ரூம்மேட். செம ஸ்ட்ராங்னு சொல்லிக்கிட்டே இறக்கை நெடுக தடவினான். அஞ்சு நிமிஷத்துல இறக்கை நடுவுல பள்ளம். அப்புறம் ஓட்டை. அப்புறம் இறக்கையே ரெண்டு! அந்த சொல்யூஷன்ல இருக்குற டொலுயீன் மாதிரி கரைப்பான், தெர்மாக்கோல் வகை ஃபோமை வெண்ணெய் மாதிரி கரைச்சிடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பசங்களா... கைக்குப் பக்கத்துல இருக்கேன்னு அதைத் தொட்டுடாதீங்க. சூடு பண்ணி ஒட்டுற குளூ கன், சூட்டைக் கொஞ்சம் குறைச்சு வெச்சு அடிச்சா போதும். மரம் ஒட்டுற வெள்ளைப் பசையும் ஓகே, காய ஒரு ராத்திரி ஆகும்.

இந்த சொல்யூஷன் கூத்தை போன்ல சொல்லப் போய்தான் அக்காகிட்ட ஸ்பிட்ஃபயர் மேட்டரும் வெளியே வந்துச்சு. நாங்க திட்டு விழும்னு காத்திருந்தோம். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க. "ஒரே பொருளை ரெண்டாவது வாட்டி வெட்டுறீங்களே, பேட்டர்ன் போட்டு வெச்சீங்களாடா?"

அவங்க வேலை பார்க்குறது கட்டிங் செக்‌ஷன்ல. தோல்ல அப்பர் வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேட்டர்ன் இருக்கும். அதை வெச்சுத்தான் ஆயிரம் ஜோடி வெட்டினாலும் அளவு மாறாது. எங்களுக்கு அது தோணவே இல்லை. அடுத்த லீவுல வந்தவங்க, ஃப்ரீயா கிடைக்குற டிரெய்னர் பிளான் ஒண்ணை பிரின்ட் போட்டு வெச்சிருந்ததை வாங்கி, கெட்டி அட்டையில ஒட்டி, இறக்கை, வால், உடம்புன்னு எட்டு பேட்டர்ன் வெட்டிக் கொடுத்துட்டாங்க. கத்தியைச் செங்குத்தா பிடிச்சு ஒரே இழுப்புல வெட்டணும், அறுக்கக் கூடாதுன்னு கிளாஸ் வேற. அதுக்கப்புறம் ஒரு புது உடம்பு செய்ய எங்களுக்கு ஆகுற நேரம் ஒரே ராத்திரி!

மோட்டார் மேட்டர்

எலெக்ட்ரிக் பிளேன் நேத்து வந்ததுன்னு நினைச்சா தப்பு. 1957 ஜூன் 30-ம் தேதியே இங்கிலாந்துல கர்னல் டாப்ளின், 'ரேடியோ குவீன்'ங்கிற மாடலை மின்சார மோட்டார்ல பறக்க விட்டுட்டார். ஆனா பேட்டரி கனம் தாங்காம, அதுக்கப்புறம் பல வருஷம் எல்லாரும் மெத்தனால் எரிபொருள் ஊத்துற குட்டி இன்ஜின்லதான் பறந்தாங்க. சத்தம், எண்ணெய்ப் பிசுக்கு, விரலைப் பதம் பார்க்குற ஸ்டார்ட்டிங்... 2000-களில் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவானதும் கதையே மாறிடுச்சு.

மோட்டார்ல '2212, 1000 கேவி'ன்னு போட்டிருக்கும். கேவின்னா கிலோவோல்ட் இல்லை! ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்துன்னு அர்த்தம். 22 மில்லிமீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் உயரம் உள்ள ஸ்டேட்டர். மூணு செல் பேட்டரி 11.1 வோல்ட், ஆக சுமை இல்லாம 11,100 சுத்து. 500 கிராம் டிரெய்னருக்கு 100 வாட் கிடைச்சா தாராளம், அதாவது ஒன்பது ஆம்பியர் சொச்சம். 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர் சூடே ஆகாது.

பேட்டரி 1300 மில்லிஆம்பியர்-அவர். சராசரியா எட்டு ஆம்பியர் இழுத்தா, 80 சதவிகிதம் தீர ஏழே முக்கால் நிமிஷம். நாங்க ரிமோட்ல ஆறு நிமிஷத்துக்கு டைமர் வெச்சிருக்கோம். மிச்சம், இறங்குறப்போ ஒரு தடவை சொதப்பினா மறுபடி சுத்தி வர.

இந்தப் பேட்டரிகிட்ட மட்டும் விளையாட்டு வேண்டாம். ஒரு செல் முழுசா 4.2 வோல்ட், அதுக்கு மேல ஏத்தக் கூடாது. மூணு வோல்ட்டுக்குக் கீழே இறக்கினா செல் கெட்டுப்போகும். 1300 பேட்டரின்னா 1.3 ஆம்பியர்ல, பேலன்ஸ் சார்ஜர்ல மட்டும் சார்ஜ். போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. தீப்பிடிச்சா அணைக்கிறது சாதாரண வேலை இல்லை. நாங்க மண்சட்டிக்குள்ள வெச்சுதான் சார்ஜ் போடுறோம். நம்ம வேலூர் வெயில் தெரியும்ல? பைக் சீட்டுக்கு அடியில பேட்டரியை வெச்சுட்டு மதியம் டீ சாப்பிடப் போயிடாதீங்க. உப்பிப் போன பேட்டரியை எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் மறுபடி சார்ஜ் போடக் கூடாது.

ரூம்ல டெஸ்ட் பண்ணும்போது புரொப்பெல்லரைக் கழட்டிடுங்க. ஆன் பண்ணும்போது முதல்ல ரிமோட், அப்புறம் பிளேன். ஆஃப் பண்ணும்போது முதல்ல பிளேன், கடைசியா ரிமோட்.

பாலாறு எனும் ரன்வே

நவம்பர் 2021-ல இதே பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. வருஷத்துல பாக்கி மாசமெல்லாம் பெரும்பாலும் மணல்தான். விழுந்தா மெத்தை மாதிரி. ஒரே குறை, மணல்ல கலந்திருக்குற கறுப்பு இரும்புத் தூள் மோட்டார் காந்தத்துல ஒட்டிக்கும். பழைய டூத் பிரஷ் ஒண்ணு பையில இருக்கட்டும். கருவேல முள்ளுக்கு செருப்பு தாங்காது, ஷூ போட்டுக்கிட்டு வாங்க. ஷூவுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்!

எந்த ஊரா இருந்தாலும் இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. 2021 ட்ரோன் விதிகள்ல மாடல் விமானங்களும் வருது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு பாருங்க. பச்சைன்னா 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி. நம்ம ராணிப்பேட்டை மாவட்டத்துலேயே அரக்கோணத்துல ஐ.என்.எஸ் ராஜாளி இருக்கு. 1992-ல இருந்து கடற்படையோட விமானத் தளம். 2013-ல இருந்து பி-8ஐ ரோந்து விமானம் அங்கே இருந்துதான் கிளம்புது. அந்தப் பக்கத்து பசங்க ரொம்ப ஜாக்கிரதை! பதிவு சம்பந்தமான விதிகளையும் அப்படியே ஒரு தடவை படிச்சிடுங்க.

நேரம்? காலை ஆறுல இருந்து எட்டு. அதுக்கு மேல பாறையும் மணலும் சூடாகி காத்து கிளம்பிடும். நமக்கு முன்னாடி பருந்துங்க மேல ஏறி நிக்கும். பருந்து வட்டம் போட ஆரம்பிச்சா நீங்க மூட்டை கட்டலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி பேலன்ஸ். 20 சென்டிமீட்டர் அகல இறக்கைன்னா முன் ஓரத்துல இருந்து அஞ்சு, ஆறு சென்டிமீட்டர் தள்ளி ரெண்டு பக்கமும் விரல் வெச்சுத் தூக்குங்க. பிளேன் மட்டமா நிக்கணும், இல்லை மூக்கு லேசா தாழணும். மூக்கு கனமா இருந்தா சுமாரா பறக்கும், வால் கனமா இருந்தா ஒரே ஒரு தடவைதான் பறக்கும்னு இந்த ஹாபியில எல்லாரும் சொல்லுவாங்க. நாங்க அதையும் செஞ்சு பார்த்துத்தான் நம்பினோம்.

ரிமோட்ல கஷ்டமான விஷயம் ஒண்ணே ஒண்ணு. பிளேன் உங்களை விட்டுப் போகும்போது இடதுன்னா இடது. உங்களைப் பார்த்து வரும்போது இடதுன்னா உங்க கண்ணுக்கு வலது! மூளை அங்கேதான் ஜாம் ஆகும். அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்க. விழப்போற சுவருக்கு முட்டுக் கொடுக்குற மாதிரி. இது கைக்குப் பழகுற வரைக்கும் 'பிகாசிம்'னு இலவச சிமுலேட்டர் இருக்கு, அதுல விழுங்க. நான் ஒரு வாரத்துல நாற்பது தடவைக்கு மேல விழுந்திருப்பேன், பைசா செலவில்லை.

ஆத்துல முதல் தடவைன்னா ரெண்டு பனைமர உயரத்துக்கு ஏத்திட்டு அப்புறம் திருப்பிப் பழகுங்க. தாழ்வா பறக்குறது பாதுகாப்புன்னு தோணும், ஆனா உயரம்தான் யோசிக்க நேரம் தரும். நிச்சயமா விழப்போகுதுன்னு தெரிஞ்சா த்ராட்டிலை உடனே மூடுங்க. மோட்டார் சுத்திக்கிட்டே தரையில மோதினாத்தான் காசு போகும்.

போன ஞாயிறு

உடம்பு நம்பர் நாலு. ஒண்ணு சன்போர்டு, ஒண்ணு சொல்யூஷன், ஒண்ணு வால் கனம். நாலாவதுக்கு பெயின்ட் கூட அடிக்கலை. வாலுல சிவப்பு டேப் மட்டும், எந்தப் பக்கம் பார்க்குதுன்னு தெரியுறதுக்கு. அக்கா ஆம்பூர்ல இருந்து முதல் பஸ் பிடிச்சு வந்திருந்தாங்க. பிளேனை அவங்க கையிலதான் கொடுத்தோம்.

"காத்துக்கு எதிரா நில்லுக்கா. நேரா தள்ளு. மேல பார்த்து வீசாத."

தள்ளினாங்க. ரூம்மேட் கை நடுங்குறது பக்கத்துல நின்ன எனக்கே தெரிஞ்சுது. பிளேன் ஒரு அடி இறங்கி, அப்புறம் மெதுவா ஏறுச்சு. ஒன்பது செகண்ட் தாண்டுச்சு. எண்ணிக்கிட்டு இருந்தது நான் மட்டும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆத்துப் பாலத்துப் பக்கம் போகாம, மணலுக்கு மேலேயே எட்டு மாதிரி சுத்திக்கிட்டே இருந்தான். ஒரு தடவை இடது, வலது குழம்பி நல்லா சாய்ச்சுட்டான். ஸ்டிக்கை விட்டுட்டான், அது தானா நிமிர்ந்துச்சு.

ஆறு நிமிஷம். டைமர் 'பீப்' அடிச்சுது. த்ராட்டிலைக் குறைச்சு, கருவேலத்துக்கு இந்தப் பக்கம் மணல்ல வயித்தால சறுக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு.

அக்கா நடந்து போய் பிளேனைத் தூக்கி, திருப்பிப் பார்த்து, மணலைத் தட்டினாங்க.

"இவ்ளோதானா? இன்னொரு பேட்டரி கொண்டாந்திருக்கீங்களாடா?"